சுவருக்குள் இருக்கும் பைப்: நேற்று எப்படிப் போட்டாங்க, இன்று எதைப் பார்க்கணும்?

வீடு கட்டும்போது டைல்ஸ் கடைக்கு நான்கு முறை போவோம். பெயின்ட் கலரை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுப்போம். ஆனால் கரன்ட் பைப் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால், "அது எலக்ட்ரீஷியனுக்குத்தான் தெரியும்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். டைல்ஸ் பிடிக்காவிட்டால் பெயர்த்து மாற்றலாம். சுவிட்ச், வயர், மெயின் போர்டு எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். தளத்துக்குள் போன பைப்பை மட்டும் மாற்ற முடியாது. அந்தத் தளம் இருக்கும் வரை அதுவும் அங்கேயே கிடக்கும்.

பைப் பதிக்கும் வேலை இன்று இருப்பது போல எப்போதும் இருந்ததில்லை. மரப்பட்டை, இரும்புக் குழாய், பி.வி.சி. பைப் என்று படிப்படியாக மாறி வந்திருக்கிறது. பழைய முறைகள் என்னவென்று தெரிந்துகொள்வதால் இரண்டு பேருக்குப் பயன் உண்டு. ஒருவர், தாத்தா காலத்து வீட்டில் ஏ.சி., கீசர் போட நினைப்பவர். அவர் வீட்டுச் சுவரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால் ஆபத்து. இன்னொருவர், இப்போது புது வீடு கட்டுபவர். பழைய ஆட்கள் கட்டாயம் செய்த சில வேலைகள் இப்போது அவசரத்தில் விட்டுப்போகின்றன. எவை என்று தெரிந்தால் கேட்டு வாங்கலாம்.

மரப்பட்டைக்குள் ஓடிய வயர்

அந்தக் காலத்து வயரில் இன்று இருக்கும் பி.வி.சி. உறை கிடையாது. செம்புக் கம்பிக்கு மேல் ரப்பர், அதற்கு மேல் பருத்தி நூல் பின்னல். வி.ஐ.ஆர். வயர் என்று சொல்வாங்க. 3/22, 7/20 என்று நம்பர் சொல்லிக் கடையில் கேட்பார்கள். முதல் எண் எத்தனை இழை, இரண்டாவது எண் எந்தக் கேஜ் கம்பி என்று பொருள். இந்த ரப்பரைச் சுண்ணாம்புச் சாந்துக்குள் நேரடியாகப் புதைத்தால் ஈரத்தில் கெட்டுவிடும். அதனால் வயரைச் சுவருக்கு வெளியேதான் கொண்டுபோனார்கள்.

அதில் எளிமையானது பீங்கான் கிளீட். இரண்டு பீங்கான் துண்டுகளுக்கு நடுவே வயரைக் கடித்துப் பிடிக்க வைத்து, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி ஓட்டுவார்கள். செலவு குறைவு, கழற்றுவதும் சுலபம். ஆனால் தூசி, ஈரம், கை எல்லாம் படும். தற்காலிக வேலைக்கே அது சரி.

குடியிருக்கும் வீடு என்றால் கேசிங்-கேப்பிங். அடியில் இரண்டு காடி வெட்டிய மரப்பட்டை, அதுதான் கேசிங். ஒரு காடியில் ஃபேஸ், மறு காடியில் நியூட்ரல். மேலே மூடுகிற மெல்லிய பலகை கேப்பிங். சுவரில் துளை போட்டு மரக்கட்டையைச் சாந்து வைத்து இறுக்கி, அந்தக் கட்டையில் ஸ்க்ரூ அடித்துப் பட்டையை நிறுத்துவார்கள். மூலையில் இரண்டு பட்டைகள் சேரும் இடத்தைச் சாய்வாக அறுத்துப் பொருத்தணும். வயரிங் வேலையில் பாதி தச்சு வேலையாக இருந்த காலம் அது. மேலே வார்னிஷ் பூசி முடித்தால் பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கும். கரையான் வந்தால் எல்லாம் போச்சு. மரம் எரியும் என்பதும் ஒரு பெரிய குறை.

அடுத்து வந்தது பேட்டன் வயரிங். நம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய வீடுகளில் இன்றைக்கும் இதைப் பார்க்கலாம். மெல்லிய தேக்கு ரீப்பரைச் சுவரில் அடித்து, அதன் மேல் உறை போட்ட வயரை வரிசையாக வைத்து, தகரம் போன்ற சின்ன கிளிப்பால் மடக்கிப் பிடிப்பார்கள். படுக்கைவாட்டில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப், செங்குத்தாக 15 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப் என்பது கணக்கு. கிளிப் வரிசையைப் பார்த்தே எலக்ட்ரீஷியன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். லைட் தொங்கும் இடத்தில் வட்டமான மரக்கட்டை, அதன் மேல் பீங்கானிலோ பேக்கலைட்டிலோ ஒரு ஹோல்டர்.

நம் பழைய வீடுகளில் இந்த முறை நிலைத்ததற்குக் கூரையும் ஒரு காரணம். மெட்ராஸ் டெரஸ் கூரையில் மரக் கட்டைகளுக்கு மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். ஓட்டு வீட்டில் கைமரமும் ரீப்பரும் ஓடும்தான். இரண்டிலும் பைப்பைப் புதைக்க இடமே கிடையாது. கட்டையின் ஓரமாக பேட்டன் அடிப்பதுதான் வழி. காங்கிரீட் தளம் பரவிய பிறகே பைப்பை மறைப்பது சாதாரண வேலையானது.

இந்த மர முறைகளை "பழசு" என்று ஒதுக்கிவிட முடியாது. அவற்றில் இருந்த ஒரு வசதி இன்று நமக்கு இல்லை. வயர் எங்கே போகிறது என்று வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கே கருகினாலும் கண்ணில் படும். ஆணி அடிக்கும்போது யாரும் வயரில் அடிக்க மாட்டார்கள். கேசிங்-கேப்பிங் முறை இப்போது பிளாஸ்டிக் பட்டையாக அலுவலகங்களிலும், சுவரை உடைக்க விரும்பாத வீடுகளிலும் திரும்பி வந்திருப்பதும் இந்த வசதிக்காகத்தான்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அப்போது ஒரு வீட்டுக்கு நாலைந்து பல்பு, ஒன்றிரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. லைட், ஃபேன் பாயின்ட்டுகளுக்குப் பல வீடுகளில் எர்த் வயரே கொண்டுபோகவில்லை. அந்த வயரில் இன்று 2,000 வாட் கீசரை மாட்டினால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். வருடங்கள் போகப்போக ரப்பர் காய்ந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்திருக்கும். வயர் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உறை இல்லாமல் இருக்கலாம். ரப்பர் வயர் இருக்கிற வீடு என்றால் பழுதுபார்ப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். முழுவதும் மாற்றுவதுதான் ஒரே வழி.

இரும்புப் பைப் காலம்

தொழிற்சாலை, சினிமா தியேட்டர், அரசுக் கட்டடம், ஓரளவு வசதியான வீடு என்று வந்தபோது இரும்பு கண்டியூட் பைப் வந்தது. கறுப்பு எனாமல் பூசியது அல்லது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப். 16 மில்லிமீட்டருக்குக் குறைந்த பைப் போடக் கூடாது. வளைவு என்றால் அதன் ஆரம் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

இந்த வேலை இன்றைய பி.வி.சி. வேலை மாதிரி ஒட்டிவிட்டுப் போவது இல்லை. பைப்பை வைஸில் பிடித்து அறுக்கணும், டை போட்டு மரை எடுக்கணும், கப்ளிங் போட்டு முறுக்கணும். அறுத்த முனையில் பிசிறு இருந்தால் வயரை இழுக்கும்போது உறையைச் சீவிவிடும். ஆகவே அரத்தால் பிசிறு எடுத்து, முனையில் ஒரு புஷ் மாட்டுவார்கள். வளைக்கும்போது பைப் நசுங்காமல் இருக்க உள்ளே காய்ந்த மணலை நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து வளைப்பது பழைய ஆட்களின் பழக்கம். வளைத்து முடித்து மணலைக் கொட்டிவிட்டால் உள்ளே சீராக இருக்கும்.

இரும்புப் பைப்பில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு சர்க்யூட்டின் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே பைப்புக்குள்தான் போகணும். தனித்தனிப் பைப்பில் போனால், ஃபேஸ் வயரைச் சுற்றி உண்டாகும் காந்தப் புலத்தால் இரும்பே சூடாகும். இரண்டும் சேர்ந்து போகும்போது ஒன்றின் காந்தப் புலத்தை மற்றது ஈடுகட்டிவிடும். மரக் கேசிங்கில் தனித்தனிக் காடியில் போட்டுப் பழகிய கைகள் இங்கே பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம் முக்கியம். இந்தக் கட்டுரை எழுதியதற்கே அதுதான் பெரிய காரணம். இரும்புப் பைப் வயருக்குப் பாதுகாப்பு உறை மட்டும் இல்லை. பல கட்டடங்களில் அந்தப் பைப்பேதான் எர்த். மெயின் போர்டிலிருந்து கடைசி பாயின்ட் வரை மரை போட்டு முறுக்கிய பைப், இரும்பு பாக்ஸ், மறுபடியும் பைப் என்று ஒரே உலோகத் தொடர்ச்சி. த்ரீ பின் சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து ஒரு சின்ன வயரை எடுத்து பாக்ஸின் ஸ்க்ரூவில் மாட்டிவிட்டால் எர்த் கிடைத்துவிடும். சில வேலைகளில் கூடுதலாகப் பைப்பை ஒட்டி ஒரு வெறும் ஜி.ஐ. கம்பியும் ஓடும்.

இப்போது நடப்பதைப் பாருங்க. வீட்டைப் புதுப்பிக்கும்போது சமையலறைச் சுவரை இடித்து நகர்த்துகிறார்கள். நடுவில் பத்தடி இரும்புப் பைப்பை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பி.வி.சி. பைப் போட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து இழுத்துவிடுகிறார்கள். லைட் எரிகிறது, ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த பி.வி.சி. துண்டைத் தாண்டி இருக்கிற எந்த பாயின்ட்டுக்கும் எர்த் கிடையாது. சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், உள்ளே எர்த் வயரும் மாட்டியிருக்கும், அது போய்ச் சேரும் இடம்தான் இருக்காது. அதைவிட மோசம், எங்காவது ஒரு ஃபேஸ் வயர் அந்தத் துண்டிக்கப்பட்ட இரும்புப் பைப்பில் பட்டால், அதோடு சேர்ந்த எல்லா சாக்கெட்டின் எர்த் முனையிலும் கரன்ட் வரும். ஒரு அறையில் உள்ள கோளாறு, அடுத்த அறையில் இருக்கும் வாஷிங் மெஷினின் தகர உடம்புக்கு வந்து நிற்கும்.

வெட்டாத பைப்பிலும் காலப்போக்கில் இதே நிலை வரலாம். கடலோர ஊர்களில் உப்புக் காற்று, பாத்ரூம் சுவரில் நீர்க்கசிவு. கப்ளிங்கில் துரு ஏறினால் தொடர்ச்சி விட்டுப்போகும். "ஃப்ரிட்ஜைத் தொட்டால் லேசா சுர்ருன்னு இருக்கு" என்று வீட்டில் யாராவது சொன்னால், செருப்புப் போட்டுக்கொண்டு திறக்கச் சொல்வது தீர்வு ஆகாது. எர்த் விட்டுப்போனதற்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம். குடிநீர் இரும்புக் குழாயில் கிளாம்ப் போட்டு எர்த் எடுத்திருந்த பழைய வீடுகளிலும் இதே கதைதான். அந்தக் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றிய அன்றே எர்த் போய்விடும். பிளம்பருக்கு அது தெரியாது, எலக்ட்ரீஷியனை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

எனவே இரும்புப் பைப் வீட்டில் எந்த மாற்றம் செய்தாலும், பச்சை நிற எர்த் வயரை மெயின் போர்டிலிருந்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனியாக இழுக்கச் சொல்லுங்க. பைப்பை நம்ப வேண்டாம். முடித்த பிறகு மீட்டர் வைத்துச் சோதிக்கணும். மெயின் எர்த்திலிருந்து எந்த பாயின்ட் வரைக்கும் பார்த்தாலும் எர்த் வயரின் தடை 1 ஓமுக்கு மேல் போகக் கூடாது. டெஸ்டர் வைத்து "எரியுது பாருங்க" என்று காட்டுவது எர்த் சோதனையே அல்ல.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுவது மிகவும் அவசியம். ஆனால் பழைய வீட்டில் அதைப் போட்டதும் அடிக்கடி ட்ரிப் ஆகும். ஒரு சர்க்யூட்டுக்கு வேறு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கி இணைத்திருப்பார்கள், அல்லது உண்மையிலேயே எங்கோ கசிவு இருக்கும். "இது தொந்தரவு சார்" என்று அதை நேரடியாக இணைத்துவிட்டுப் போக அனுமதிக்காதீங்க. அது தன் வேலையைச் செய்கிறது. எந்த சர்க்யூட்டில் கோளாறு என்று ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் கண்டுபிடிக்கணும்.

மறைத்துப் பதிக்கும் வேலை: அன்றைய ஒழுங்கு

ஐ.எஸ். 9537 என்ற இந்தியத் தரத்தில் இரும்புப் பைப்புக்கான இரண்டாம் பகுதி 1981-லும், பி.வி.சி. போன்ற பொருட்களாலான பைப்புக்கான மூன்றாம் பகுதி 1983-லும் வந்தன. அதன் பிறகு வீடுகளில் இரும்பு மெல்ல விலகி பி.வி.சி. நிலைத்துவிட்டது. துரு கிடையாது, எடை குறைவு, அறுக்கச் சுலபம். எர்த் வயர் தனியாகப் போட்டே ஆகணும் என்பதால் மேலே சொன்ன குழப்பமும் இல்லை. பொருள் நல்ல பொருள்தான். வேலை எப்படி நடக்கிறது என்பதில்தான் பிரச்சினை.

தளம் போடுவதற்கு முன் அந்தக் காலத்தில் எப்படிச் செய்வார்கள் என்று பார்ப்போம். சென்ட்ரிங் அடித்து முடிந்ததும் எலக்ட்ரீஷியன் மேலே ஏறுவார். அறையின் மூலைக்கு மூலை நூல் பிடித்து நடுப்புள்ளியைச் சாக்பீஸால் குறிப்பார். அங்கே ஃபேன் பாக்ஸ். லைட் பாயின்ட்டுகளுக்கு ஆழமான ஜங்ஷன் பாக்ஸ். பாக்ஸைக் கவிழ்த்துப் பலகையில் ஆணி அடித்து, உள்ளே நனைத்த பேப்பரோ மரத்தூளோ அடைப்பார்கள். காங்கிரீட் உள்ளே இறங்காமல் இருக்க அது. அடிக்கம்பி கட்டிய பிறகு அதன் மேல் பைப்பை ஓட்டி, கட்டுக்கம்பியால் கம்பியோடு சேர்த்துக் கட்டுவார்கள். சுவருக்குள் இறங்கவேண்டிய இடத்தில் பெரிய வளைவாக வளைத்து, முனையில் மரக்கட்டையோ துணியோ வைத்து அடைப்பார்கள். முக்கியமாக, பைப்புக்குள் ஒரு ஜி.ஐ. கம்பியை முன்கூட்டியே விட்டு வைப்பார்கள். பிறகு வயர் இழுக்க அதுதான் வழி. இழுக்கும்போது கம்பி சிக்காமல் நகர்ந்தால் பைப் நன்றாக இருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

காங்கிரீட் கொட்டும் நாளில் எலக்ட்ரீஷியனோ உதவியாளரோ அங்கேயே நிற்கணும் என்பது எழுதாத சட்டம். சட்டி தூக்கி வருபவர் பைப்பை மிதிப்பார், வைப்ரேட்டர் பட்டு ஜாயின்ட் விடும். அப்போதே சரிசெய்தால் ஐந்து நிமிட வேலை. மறுநாள் என்றால் எதுவும் செய்ய முடியாது. இந்தப் பழக்கம்தான் இப்போது முதலில் விட்டுப்போகிறது. முந்தின நாள் மாலை பைப் ஓட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஜாயின்ட்டில் பசை போடாமல் சொருகிவிடுவது இன்னொன்று. அந்த இடைவெளி வழியாக சிமென்ட் பால் பைப்புக்குள் இறங்கிக் கெட்டியாகிவிடும். அது தெரியவரும்போது பூச்சு வேலையும் முடிந்திருக்கும். வயர் போகாது. அப்புறம் என்ன செய்வார்கள்? வேறு பாயின்ட்டிலிருந்து நியூட்ரலை இழுப்பார்கள், ஒரே பைப்பில் பத்துப் பன்னிரண்டு வயரைத் திணிப்பார்கள், வயர் நீளம் போதாமல் பைப்புக்குள்ளேயே முறுக்கி டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுவார்கள். பைப்புக்குள் ஜாயின்ட் இருக்கவே கூடாது. ஜாயின்ட் எல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸில்தான். சூடாகும் இடம் அதுதான். சுவருக்குள் சூடானால் யாருக்கும் தெரியாது.

சுவரில் காடி வெட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. செங்கல் சுவரில் செங்குத்துக் காடியின் ஆழம் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. படுக்கைக் காடி என்றால் ஆறில் ஒரு பங்கு. கூடியவரை படுக்கைக் காடியே வேண்டாம். 9 அங்குலச் சுவரில் செங்குத்தாக 3 அங்குலம் வரை வெட்டலாம், கவலை இல்லை. நான்கரை அங்குலச் சுவரில் செங்குத்தாக ஒன்றரை அங்குலம்தான் கிடைக்கும். படுக்கையாக முக்கால் அங்குலம். 25 மில்லிமீட்டர் பைப்பே ஒரு அங்குலம் வந்துவிடும். ஆக, நான்கரை அங்குலச் சுவரில் பைப்பைக் குறுக்காகக் கொண்டுபோவதே தப்பு. அப்படிப் போட்ட சுவரில் பூச்சு முடிந்து சில மாதத்தில் பைப் போன வழியிலேயே கோடு விழும். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயன் இல்லை.

அன்று உளியும் சுத்தியலும். வேலை மெதுவாக நடக்கும், செங்கலும் சில சமயம் உடையும். சில கொத்தனார்கள் சுவர் எழும்பும்போதே எலக்ட்ரீஷியனைக் கேட்டு பைப்பை நிறுத்தி, அதைச் சுற்றிச் செங்கல் வைத்துக் கட்டிவிடுவார்கள். காடியே வெட்டவேண்டாம். இன்று கட்டிங் மெஷின் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம் என்று ஆகிவிட்டது. லின்டலிலும் தூணிலும் கம்பி வெட்டுப்படும் அளவுக்கு மெஷின் போவதை நிறுத்த, வீட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் முடியும்.

போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுங்க

தளம் போடும் நாளுக்கு முந்தின நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்க. சென்ட்ரிங் மேல் ஏறி, ஒவ்வொரு அறையாக வீடியோ எடுங்க. எடுக்கும்போதே "இது ஹால், வாசல் பக்கம்" என்று வாயால் சொல்லுங்க. பத்து வருடம் கழித்துப் பார்க்கும்போது எந்த அறை என்று தெரியாமல் போய்விடும். பிறகு மூலையிலிருந்து டேப் பிடித்து, அளவு தெரியும்படி ஒவ்வொரு பாக்ஸையும் போட்டோ எடுங்க. சுவரில் காடி வெட்டிப் பைப் வைத்த பிறகு, பூச்சுக்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் இதே மாதிரி எடுங்க. போன் மாறினாலும் அழியாமல் இருக்க இணையச் சேமிப்பில் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் பகிர்ந்து வையுங்க. பேட்டன் வயரிங் வீட்டில் சுவரைப் பார்த்தாலே தெரிந்த விஷயம் இது. இப்போது அந்த வேலையை இந்த போட்டோக்கள்தான் செய்யும்.

எடுக்கும்போதே சிலவற்றைக் கவனிக்கலாம். பைப் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அளவும் அச்சாகி இருக்கா? தளத்துக்குள் போவது மீடியம் அல்லது ஹெவி ரகமா? கையால் அழுத்தினாலே நசுங்குகிற லைட் பைப் தளத்துக்கு ஆகாது. வளைவுகளில் சட்டென்று திரும்பும் குட்டி எல்போ போட்டிருந்தால், நீண்ட பெண்ட் போடச் சொல்லுங்க. எல்போவில் வயர் சிக்கும், பிறகு மாற்றவே முடியாது. ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்குள் இரண்டு வளைவுக்கு மேல் இருந்தால் நடுவில் ஒரு பாக்ஸ் கேளுங்க. ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று நான்கு பைப் ஏறி நிற்கும் இடம் இருந்தால் பொறியாளரிடம் காட்டுங்க. 5 அங்குலத் தளத்தில் அந்த இடத்தில் காங்கிரீட்டுக்கு இடமே இருக்காது.

வயர் எண்ணிக்கையில் கறாராக இருங்க. 20 மில்லிமீட்டர் பைப்பில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் நேர்ப்பாதையில் 5, வளைவு இருந்தால் 4. 25 மில்லிமீட்டர் பைப்பில் அதே வயர் நேராக 10, வளைவோடு 8. நெருக்கித் திணித்தால் சூடு வெளியேறாது. பிறகு ஒரு வயரை மாற்றணும் என்றால் எல்லாமே கையோடு வரும். ஏ.சி., கீசர், சமையலறை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பைப். இவை போக, மீட்டர் இருக்கும் இடத்திலிருந்து மொட்டை மாடிக்கு ஒரு வெறும் பைப்பும், வாகனம் நிறுத்தும் இடத்துக்கு இன்னொன்றும் போட்டு வையுங்க. சோலார், மின்வாகன சார்ஜர் என்று பிறகு வரும்போது சுவரை உடைக்க வேண்டியிருக்காது. இப்போது ஆகும் செலவு பைப் விலைதான்.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் வயர் இழுக்கணும். ஈரத்தோடு இழுத்தால் பைப்புக்குள் நிற்கும் தண்ணீர் பல நாள் போகாது. வயரிங் முடிந்து, இணைப்பு வாங்குவதற்கு முன் 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷன் சோதனை செய்யச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. அந்த எண்களைப் பேப்பரில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்கிக்கொள்ளுங்க. "எல்லாம் ஓகே சார்" என்பது சோதனை அறிக்கை ஆகாது.

யாரை வைத்து வேலை செய்வது என்பதிலும் விதி தெளிவாக இருக்கிறது. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவது தவிர, புதிதாக வயரிங் செய்வதும் மாற்றி அமைப்பதும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் நடக்கணும். தமிழ்நாட்டில் இந்த உரிமத்தையும், மின் கம்பியாளுக்கான தகுதிச் சான்றையும் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். வேலையை ஒப்படைக்கும் முன் உரிம எண்ணைக் கேளுங்க. கேட்பது அவமரியாதை அல்ல. முறையாக உரிமம் எடுத்தவர் சந்தோஷமாகவே காட்டுவார். புதிய இணைப்புக்கான விண்ணப்பத்தைத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலேயே போனில் பதிவு செய்யலாம். அதன் பழைய பெயர்களான மின்வாரியம், டான்ஜெட்கோ என்பவைதான் இன்னும் பலர் வாயில் வருகின்றன. எல்லாம் ஒரே இடம்தான்.

மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள வயரிங் வீட்டுக்காரரின் பொறுப்பு. மீட்டர் பெட்டியிலோ, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரிலோ தீப்பொறி, கருகல் வாசனை என்றால் நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ தொட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, 24 மணி நேரமும் இயங்கும் மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கு அழைத்து, மின் இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதிவு செய்யுங்க. அந்த இணைப்பு எண்ணையும் வீட்டு வயரிங் போட்டோக்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் சேர்த்து வைத்தால் அவசரத்தில் தேட வேண்டியிருக்காது.